வீட்டு வாடை

திருப்பு வண்டி வாசலில் வந்து நின்றபோது இசக்கி தையல் மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள்.

அது ஆளில்லாத வண்டி. சரியாகப் பிரிக்காமல் போட்ட குப்பையை, போட்ட வீட்டுக்கே கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போகும். கடம்பங்கரையில் யார் வாசலில் அது நின்றாலும் தெருவே எட்டிப் பார்க்கும். எதிர்வீட்டு லில்லி கதவைத் திறந்து சிரித்தாள்.

"என்ன இசக்கி, நீயுமா? கறிக் கழிவை நீலத் தொட்டியில போட்டுட்டியோ?"

"எங்க வீட்ல கறி எடுத்து எவ்வளவு நாளாச்சு, அக்கா! வண்டிக்குப் புத்தி கெட்டுப் போச்சு."

வண்டி தன் பெண்குரலில் சொன்னது: "தேரிமேடு, பள்ளிக்கூடத் தெருத் தொட்டி. மாமிசக் கழிவு. பிரித்துப் போடவும்." கறுப்புப் பை ஒன்றைப் படியில் இறக்கிவிட்டு நகர்ந்துபோயிற்று.

தேரிமேடு பக்கத்து ஊர். அங்கே போய் நாம் ஏன் குப்பை போடப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டே இசக்கி பையை எடுத்தாள். முடிச்சு இறுகியிருந்தது. கத்தரிக்கோலால் வெட்டினாள். உள்ளே ஒரு சாக்குத் துண்டு. அதைப் பிரித்தபோது மணிக்கட்டோடு வெட்டப்பட்ட ஆண் கை ஒன்று அவள் மடியில் விழுந்தது.

கட்டைவிரலில் நகம் இல்லை. சின்ன வயதில் பம்புசெட் பெல்ட்டில் மாட்டிப் போன நகம் அது. அந்த மொட்டை விரலைக் கல்யாணமான புதிதில் எத்தனையோ தடவை அவள் தடவிப் பார்த்திருக்கிறாள்.

இசக்கி அலறவில்லை. முந்தானையை எடுத்து அந்தக் கையை மூடினாள். லில்லி போட்ட கூச்சலில்தான் தெரு திரண்டது.

அவள் கணவன் வைரவனைச் சில நாட்களாகக் காணவில்லை. அவன் நாலூர் மன்றத்தில் கடம்பங்கரையின் உறுப்பினர். நான்கு பேரூராட்சிகள் சேர்ந்து குப்பைக்காக வைத்த மன்றம் அது. அதற்கு முன்பு ஓர் ஊர்க் குப்பையை மற்ற ஊர்க் குளத்தில் கொட்டுவதும், லாரியைக் கொளுத்துவதும், மண்டை உடைவதும் வழக்கமாக இருந்தது. மன்றம் வந்த பிறகு நெடுஞ்சாலையில் நான்கு ஊருக்கும் பொதுவாக ஓர் ஆலை கட்டினார்கள். பையைப் பார்த்து வீட்டைச் சொல்லும் இயந்திரத்தைக் கொண்டுவந்தார்கள். ஜனங்கள் அதற்கு மோப்பி என்று பெயர் வைத்தார்கள். எல்லாவற்றையும் பிரித்து, உருக்கி, உரமாக்கிய பிறகும் எதற்கும் ஆகாத மிச்சம் கொஞ்சம் இருந்தது. அதைப் புதைக்க ஒரு குழி வேண்டும். குழி எந்த ஊரில் என்பதில்தான் மறுபடி பகை மூண்டது.

"எங்க பனங்காட்டுல தோண்டுங்க. எவனாவது ஒருத்தன் சரின்னு சொன்னாத்தான் இது முடியும்" என்று கூட்டத்தில் எழுந்து சொன்னவன் வைரவன். அன்றிலிருந்து சொந்த ஊரில் அவன் முகத்தைப் பார்த்துப் பேசுகிறவர்கள் குறைந்துபோனார்கள். எல்லாரையும்விட அதிகமாகக் கொதித்தவன் அவன் தம்பி தளவாய்.

இசக்கி தன் அக்காள் மகள் கல்யாணத்துக்குப் போய்த் திரும்பியபோது வைரவன் வீட்டில் இல்லை. "அண்ணன் தேரிமேட்டுக்குப் பேசப் போயிருக்கான், மதினி" என்றான் தளவாய். அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும்.

இப்போது தளவாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். மூடியிருந்த முந்தானையை விலக்கிப் பார்த்தான். நெஞ்சில் அறைந்துகொண்டான்.

"அண்ணன் மனசு மாறிட்டான்லே! குழி எங்க ஊர்ல வேண்டாம்னு சொல்லத்தான் அங்க போனான். வெட்டித் தொட்டியில போட்டுட்டானுவ. எவன் உடம்புலல்லாம் ரத்தம் ஓடுதோ அவன்லாம் வாங்கலே!"

அருவாள் இல்லாத வீடு கடம்பங்கரையில் இல்லை. பனையேறுகிறவர்கள் குறைந்துபோனாலும் பாளை அருவாள் எல்லா வீட்டுக் கூரை இறவாணத்திலும் செருகியிருந்தது. நான்கு லோடு ஆட்டோக்கள் நிறைய ஆட்கள் போனார்கள்.

தேரிமேட்டில் அன்று சந்தை. முதலில் கோழிக்கடைக்காரர் விழுந்தார். அவருக்கு எதற்கு வெட்டு விழுந்தது என்று வெட்டியவனுக்கும் தெரியாது. பந்தல்கள் எரிந்தன. காய்கறிக்காரப் பெண் ஒருத்தி தராசுத் தட்டை முகத்துக்கு நேராகப் பிடித்தபடி ஓடினாள். தட்டு இரண்டாகப் பிளந்தது.

பள்ளிக்கூடத் தெருத் தொட்டிகளுக்கு மேஸ்திரியாக இருந்த ஞானதுரை டீக்கடையில் வடையைக் கடித்துக்கொண்டிருந்தார். காக்கிச் சட்டையைப் பார்த்து இழுத்தார்கள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது ராசா. தொட்டியைக் கழுவி விடுதவன் நான். உள்ள என்ன கெடக்குன்னு நாங்க பாக்கக் கூடாதுய்யா, பூட்டுப் போட்டிருக்கும்."

"பாக்காமத்தான் எங்க அண்ணனை அள்ளிப் போட்டியாக்கும்" என்றான் தளவாய். முதல் வெட்டு அவனுடையது. அடுத்தடுத்த வெட்டுகள் யாருடையவை என்று பிறகு போலீசால் பிரிக்க முடியவில்லை. பக்கத்து நீலத் தொட்டியின் பூட்டை உடைத்து, அவரைத் தூக்கி உள்ளே போட்டு மூடினார்கள். மூடியபோது அவருக்கு உயிர் இருந்தது. தொட்டியை உள்ளேயிருந்து தட்டும் சத்தத்தைத் தெருவே கேட்டது. எரிகிற பந்தல்களுக்கு நடுவே யாரும் கிட்டே போகவில்லை. சத்தம் மெல்ல நின்றது.

திரும்பும் வழியில் ஆலை இருந்தது. கல்லெறியத் தொடங்கியதும் பொறியாளர் ஜெசிந்தா குப்பையை ஓட்டிப் பிரிக்கும் பட்டைகளையெல்லாம் நிறுத்தச் சொல்லிவிட்டு, வேலைக்காரப் பெண்களைப் பின்வாசல் வழியாக அனுப்பினாள். நாகர்கோவில்காரி. மோப்பியை அந்த ஊர்களுக்குப் பழக்கியவள் அவள்தான். கேட்டுக்கு வந்து நின்று, "கொஞ்சம் கேளுங்க, அண்ணாச்சி, நான் சொல்றதை..." என்று தொடங்கினாள். ஓர் இரும்புக் கம்பி அவள் தோளில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. விழுந்தவளை மிதித்துக்கொண்டு உள்ளே போனார்கள். பிரிக்கும் பட்டைகள் எரிந்தன. மோப்பி இருந்த உள்ளறையின் இரும்புக் கதவு மட்டும் அவர்களுக்கு மசியவில்லை.

மறுநாள் காலையில் மன்றத் தலைவர் கோமதிநாயகம் ஆஸ்பத்திரிக்கு வந்தார். நான்கு ஊரையும் ஒரே மேசையில் உட்காரவைக்கத் தன் பாதி ஆயுளைச் செலவழித்தவர். நாற்காலியை இழுத்துப் போட்டு ஜெசிந்தாவின் தலைமாட்டில் உட்கார்ந்தார்.

"மெஷின் தப்புப் பண்ணிட்டுன்னு ஒரு அறிக்கை விட்டுருவோம்மா. மிச்ச உடம்பும் தேரிமேட்டுத் தொட்டிகள்லதான் கெடைச்சிருக்கு. செத்தவன் கையில அவன் வீட்டு வாடை இருந்துது, அதைப் பாத்து மோப்பி அவன் வீட்டுக்கே அனுப்பிட்டு. அப்படித்தான நடந்துச்சு?"

"இல்ல சார்."

"பின்ன?"

"மோப்பி பைக்கு உள்ள இருக்குறதை வீடு கண்டுபிடிக்கப் பாக்காது. அழுகுற பொருள்ல ஒரு வாடையும் நிக்காது. அது பாக்குறது முடிச்சை மட்டுந்தான். முடிச்சுப் போடும்போது கை வேர்வை அதுல படும். ஒரே வீட்ல ஒண்ணாச் சாப்பிட்டு, ஒரே துண்டுல முகம் துடைக்கிறவங்க தோல்ல ஒரே மாதிரி நுண்ணுயிர்தான் குடியிருக்கும். அதைத்தான் நாம வீட்டு வாடைன்னு பதிஞ்சு வச்சிருக்கோம்."

 வெளியே யாரோ ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். சந்தையில் வெட்டுப்பட்டவர்களும் அதே ஆஸ்பத்திரியில்தான் இருந்தார்கள்.

"அப்ப, அந்தப் பையைக் கட்டினது..."

"வைரவன் வீட்டு ஆள். எந்த ஆள்னு மோப்பிக்குத் தெரியாது. வீடுதான் தெரியும்."

"தேரிமேட்டுல கொண்டுபோய்ப் போட்டிருக்கானே, அவ்வளவு யோசிச்சவன் இதை யோசிக்கலியா?"

"சமீபம் வரைக்கும் அவன் யோசிச்சது சரிதான் சார். ஒவ்வொரு ஊர்ப் பதிவும் தனித்தனியா இருந்துச்சு. கடம்பங்கரைக் கையைத் தேரிமேட்டுத் தொட்டிக்குத் தெரியாது. நாலு பதிவையும் ஒண்ணாச் சேர்த்தது இப்பத்தான. அந்தச் செய்தி அவனுக்கு எட்டியிருக்காது."

"ஒண்ணாச் சேர்க்கணும்னு தொண்டை கிழியக் கத்தினது நான்" என்றார் அவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"போலீசுக்குச் சொல்லிரலாம் சார். ஒரு அப்பாவி செத்திருக்கார்."

"சொல்லலாம். சனங்க கையை நீட்டிப் பதிவு கொடுத்தபோது நாம என்ன சொன்னோம்? குப்பையைத் திருப்புறதுக்குத் தவிர வேற எதுக்கும் இதைத் தொட மாட்டோம்னு நாலு ஊர் நடுவுலயும் சத்தியம் பண்ணினோம். இன்னைக்குக் கொலைக்குன்னு தொறந்தா, நாளைக்கு ஒருத்தன் வந்து நிப்பான். எம் பொண்ணு எவன் கூடயோ ஓடிட்டா, அவ கை எந்த வீட்டு முடிச்சுல இருக்குன்னு சொல்லுன்னு கேப்பான். அவன் மடியில அருவா இருக்கும். சொல்லுவியாம்மா?"

 அவர் எழுந்தார்.

"இன்னொண்ணு. இது வெளிய தெரிஞ்சா, செத்தவருக்குப் பதில் கேட்டுத் தேரிமேட்டுக்காரன் கடம்பங்கரையைக் கொளுத்துவான். தெரியலன்னா, கடம்பங்கரைக்காரன் மறுபடி தேரிமேட்டுக்குப் போவான். எந்தப் பக்கம் திரும்பினாலும் தீதான். எனக்கு ஒரு நாள் கொடு. ஏதாவது பண்ணிப் பாக்கேன்."

அவர் போன சற்று நேரத்தில் இசக்கி வந்தாள். மடியில் கறை காய்ந்த அதே சேலை. கதவருகே நின்று, "நீங்கதான மிஷினு அம்மா?" என்றாள்.

"ஆமா. நீங்க..."

"அந்தக் கைக்குச் சொந்தக்காரி. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அது ஏன் எங்க வீட்டுக்கு வந்துச்சு? அவுக கைங்கிறதாலயா?"

ஜெசிந்தா அவள் விரல்களைப் பார்த்தாள். ஊசி குத்திக் குத்திக் காய்த்த விரல்கள். இவளும் அந்த வீட்டு ஆள்தான் என்ற நினைப்பு வந்தது. கொன்றவளிடமே சொல்கிறோமோ என்றும் தோன்றியது. ஆனால் கொன்றவள் இப்படி வந்து கேட்கமாட்டாள். மோப்பி எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது என்பதைச் சொன்னாள். தலைவரிடம் சொன்ன மற்றதையும் சொன்னாள்.

இசக்கி விரல்விட்டு எண்ணினாள்.

"வீட்ல அவுகளையும் என்னையும் விட்டா ரெண்டே பேரு. எங்க அத்தை. கொழுந்தன்."

"போலீசுக்குப் போங்க. நானும் வந்து சொல்றேன்."

"போலீசெல்லாம் தேரிமேட்டுல காவல் நிக்குது. எங்க தெருவுல அருவா தீட்டுதானுவ. சாயந்தரம் மறுபடி போறானுவளாம்." போகத் திரும்பியவள் நின்றாள். "உங்க தோளை உடைச்சது எங்க ஊர்க்காரனுவதான?"

ஜெசிந்தா தலையசைத்தாள்.

"மன்னிச்சுக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு இசக்கி போய்விட்டாள்.

வீட்டில் மாமியார் பிச்சம்மாள் அடுக்களையில் தரையில் உட்கார்ந்திருந்தாள். வாசலில் ஆட்களின் இரைச்சல். லோடு ஆட்டோவில் பெட்ரோல் கேன்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இசக்கி அடுக்களைக் கதவைச் சாத்தினாள்.

"அத்தை, அவுகளைக் கொன்னது தளவாயா?"

பிச்சம்மாள் நிமிரவில்லை.

"மிஷினு முடிச்சைத்தான் பாக்குமாம். தளவாய் கட்டின முடிச்சு அவனைக் காட்டிக் கொடுத்துட்டு."

"அவன் கட்டலட்டி" என்றாள் பிச்சம்மாள். குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது போலிருந்தது. "அவன் ரப்பர் உறை போட்டிருந்தான். கை நடுங்கிச்சு. பை வாயைக் கட்ட முடியல. நாந்தான் கட்டிக் கொடுத்தேன்."

இசக்கி அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"பனங்காட்டுல வச்சு ரெண்டு பேருக்கும் பேச்சு முத்திட்டு. ஒரே வெட்டு. சாப்பாடு கொண்டுபோனேன் நான். போய்ப் பாக்கையில பெரியவன் கண்ணு தொறந்தபடி கெடக்கான், சின்னவன் என் காலைக் கட்டிக்கிட்டு அழுதான். ஒருத்தன் போயிட்டான். மத்தவனைத் தூக்குல போட நானே பிடிச்சுக் கொடுக்கவா? சொல்லுட்டி, நீ பிள்ளை பெத்தவ இல்ல, ஆனாலும் சொல்லு."

"பெத்த பிள்ளையைத் துண்டு துண்டா வெட்டையில பாத்துக்கிட்டு இருந்தீகளா?"

"கண்ணை மூடிக்கிட்டுதான் கட்டினேன்."

இசக்கி அதற்கு மேல் கேட்கவில்லை. கதவைத் திறந்து வாசலுக்குப் போனாள். படியில் நின்று, இருக்கிற மட்டும் குரலெடுத்துச் சொன்னாள்:

"யாரும் போவாதிய! அவுகளைக் கொன்னது தேரிமேட்டுக்காரன் இல்ல. இந்தா நிக்கான், இவன்தான். உடம்பை அங்க கொண்டுபோய்ப் போட்டதும் இவன்தான்!"

கூட்டம் சட்டென்று அடங்கியது. தளவாய் அசையவில்லை. அவன் முகத்தில் ஒரு கணம் என்னவோ வந்து போனது. பிறகு சிரித்தான்.

"மதினிக்கு மூளை கலங்கிட்டுலே. காலையிலேயே ஆஸ்பத்திரிக்குப் போயி மிஷின்காரியைப் பாத்துட்டு வந்திருக்கா. அவ சொல்லிக் கொடுத்து அனுப்பியிருக்கா."

"அத்தையைக் கேளுங்க! முடிச்சுப் போட்ட கதையை அவுக வாயாலயே கேளுங்க!"

எல்லாத் தலையும் பிச்சம்மாளின் பக்கம் திரும்பியது. அவள் நிலையைப் பிடித்தபடி வந்து நின்றாள். மகனைப் பார்த்தாள். மருமகளைப் பார்க்கவில்லை.

"எம் மவன் எந்த முடிச்சும் போடல" என்றாள். "சத்தியமாச் சொல்லுதேன்."

கூட்டத்துக்கு அது போதுமாக இருந்தது. "தேரிமேட்டானுக்கு வெலை போனவ!" என்று ஒருவன் கத்தினான். ஒரு கல் வந்து இசக்கியின் புருவத்தைக் கிழித்தது. இன்னொருவன் அவள் தலைமுடியைப் பிடித்துப் படியிலிருந்து இழுத்தெறிந்தான். லோடு ஆட்டோவின் சக்கரத்தருகே போய் விழுந்தாள். கண்ணில் ரத்தம் இறங்கியது. தளவாய் அவளைத் தாண்டிக்கொண்டு ஆட்டோவில் ஏறக் காலைத் தூக்கி வைத்தான். "ஏறுங்கலே, பொழுது சாயுது" என்றான்.

ஆட்டோவின் பின்பலகையில் தீட்டிய அருவாள்கள் வரிசையாக அடுக்கியிருந்தன. இசக்கி எழுந்ததை யாரும் கவனிக்கவில்லை. அவள் ஒன்றை எடுத்தாள். முழு உடம்பின் பலத்தோடு, அவன் கழுத்தும் தோளும் சேருமிடத்தில் இறக்கினாள். அவன் திரும்பி அவளைப் பார்த்தான். ஏதோ கேட்க வந்தவன்போல வாயைத் திறந்தான். இரண்டாவது வெட்டுக்கு அவன் விழுந்தான்.

பிச்சம்மாளின் ஓலம் தெருக்கோடிவரை போயிற்று. சுற்றி நின்றவர்கள் கையில் அருவாளோடு அப்படியே நின்றார்கள்.

இசக்கி நெற்றியிலிருந்து வழிந்ததைப் புறங்கையால் துடைத்தாள்.

"நாந்தான் வெட்டினேன். இந்த ஊர்க்காரி. எல்லாரும் கண்ணால பாத்திய. இதுக்கு எந்த ஊரைக் கொளுத்தப் போறிய?"

 யாரோ ஒருவன் பெட்ரோல் கேனை மெதுவாகக் கீழே வைத்தான். அந்தச் சாயந்தரம் தேரிமேட்டுக்கு யாரும் போகவில்லை.

வழக்கு நடந்தது. வாடைப் பதிவைக் கோர்ட்டுக்குத் தர முடியாது என்று மன்றம் தீர்மானம் போட்டது. கோமதிநாயகம் சத்தியத்தைக் காப்பாற்றினார். தீர்மானத்தை மீறி ஜெசிந்தா சாட்சி சொன்னாள். மறுவாரம் வேலையை விட்டாள். பதிவு இல்லாமல் அவள் சொல்லுக்கு மதிப்பில்லை என்றார் அரசு வக்கீல். வைரவன் கொலையில் தளவாய் குற்றமற்றவன், அண்ணனுக்காகத் துடித்த தம்பி, அவனை ஒரு பித்துப் பிடித்த பெண் கொன்றுவிட்டாள் என்று வழக்கு முடியப்போகிற நேரத்தில், பிச்சம்மாள் பெஞ்சிலிருந்து எழுந்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

"அவ பொய் சொல்லல சாமி" என்றாள். "முடிச்சு நான் போட்டது."

இருவருக்கும் தண்டனை கிடைத்தது. மாமியாருக்குக் குறைவு, மருமகளுக்கு அதிகம். ஒரே சிறையில் வைத்தார்கள்.

வெகுநாள் கழித்து ஜெசிந்தா பார்க்கப் போனாள். மழைக்காலம். தோள் அவளுக்கு இன்னும் குளிரில் வலித்தது. நாலூர் மன்றம் உடையவில்லை. நான்கு ஊரிலும் ஜனங்கள் கையுறை மாட்டிக்கொண்டு பை கட்டப் பழகிவிட்டார்கள், மோப்பி சும்மா கிடக்கிறது என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். இசக்கி அதையெல்லாம் பாதிதான் கேட்டாள். உள்முற்றத்தில் பிச்சம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது கம்பி வழியாகத் தெரிந்தது. தலை வாரிப் பின்னியிருந்தது. விரல் மடங்கிப்போன அந்தக் கைகளால் தானாகப் பின்னிக்கொள்ள முடியாது என்பது பார்த்ததுமே ஜெசிந்தாவுக்குப் புரிந்தது.

"நீங்கதான் வாரி விடுறீங்களா?"

"ஆமா."

"அவங்க பக்கத்துல உங்களால எப்படி இருக்க முடியுது?"

இசக்கி திரும்பி முற்றத்தைப் பார்த்தாள். 

"மொத வருசம் ஒரு வார்த்தை பேசல. அப்புறம் ஒரு நாள், எங்க வீட்டுக்காரவுக சின்னப் பிள்ளையில எப்படி இருந்தாகன்னு கேக்கணும் போல இருந்துச்சு. அதை வேற யாருகிட்டம்மா போய்க் கேக்க?"